பற்றரி இல்லாத ஹைபிரிட் இன்வேட்டர்: திருகோணமலை வீடொன்றில் பாவித்துப் பார்த்த கருத்து

சோலார் பனல், பற்றரி, ஊர்க் கரண்ட் மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற ஹைபிரிட் இன்வேட்டர், பற்றரி பூட்டாமல் வேலை செய்யுமா என்றுதான் நிறையப் பேர் கேட்கிறார்கள். செய்யும், வடிவாகவே செய்யும். பகலில் வீட்டுக்குத் தேவையான கரண்டைக் கூரைப் பனலிலிருந்து எடுத்துக் கொடுக்கும், பில் குறையும். ஆனால் ஊரில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போகும். இந்தக் கடைசி வசனத்தை விற்கிறவர்கள் பலர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள், வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அறிகிறார்கள், அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது டெயே (Deye) கம்பனியின் 5 கிலோவாற், சிங்கிள் பேஸ், 48 வோல்ற் பற்றரிக்கான மாடல். கூரையில் 550 வாற் பனல் எட்டு, எல்லாம் ஒரே தொடராக. வீடு உப்புவெளிப் பக்கம், காற்றில் உப்பு வரும் தூரத்தில். பற்றரியை இப்போதைக்கு வேண்டாம் என்று யோசித்துத்தான் விட்டேன். 51.2 வோல்ற், 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒன்று, அதாவது 5 யூனிட் கொள்கிற ஒன்று, கேட்ட இடங்களில் எல்லாம் இன்வேட்டரின் விலைக்குக் கிட்ட நின்றது. எங்கள் வீட்டில் கரண்ட் பகலில்தான் அதிகம் செலவாகிறது: அம்மாவும் அப்பாவும் முழு நாளும் வீட்டில், பின் அறையில் தங்கச்சியின் தையல் வேலை, அதற்கு இரண்டு மெஷினும் ஒரு அயன் பொக்ஸும், சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானத்தில் ஏசி. இரவில் மின்விசிறி, பிரிட்ஜ், லைற் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. பகலில் ஆள் இல்லாத வீடு என்றால் கணக்கே வேறு.

இது எப்படி ஓடுகிறது என்பதை மத்தியானம் திரையைப் பார்த்தால் நன்றாக விளங்கும். பனல் 1,150 வாற், வீடு 1,190, கிரிட், அதாவது ஊர் லைனிலிருந்து வருவது, 40 என்று எண்கள் நிற்கும். தங்கச்சி அயன் பொக்ஸைப் போட்டால் வீட்டு எண் ஒரேயடியாக 2,200க்கு ஏறும், கூடவே கிரிட் எண்ணும் ஏறும், ஒன்றிரண்டு செக்கனில் பனல் எண் மேலே வந்து கிரிட்டைத் திரும்ப 40க்கு இறக்கிவிடும். அப்படியென்றால் அதுவரை பனலுக்குச் சக்தி இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் இன்வேட்டர் அதை அடக்கி வைத்திருந்தது. வெளியே ஒரு வாற்றும் போகக் கூடாது என்று நான் அமைத்திருக்கிறேன், பற்றரியும் இல்லை, ஆகவே வீடு கேட்கிற அளவுக்கு மட்டும்தான் பனலிலிருந்து எடுக்கும், மிச்ச வெயில் வீணாகப் போகும்.

அந்த வீணைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாற் பனல் வருடச் சராசரியில் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவு தரும் என்று வைத்தால், என்னுடைய 4.4 கிலோவாற்றுக்கு 17 யூனிட்டுக்கு மேல் வர வேண்டும். பகலில் வீடு கேட்பது அதில் பாதி. பற்றரியும் இல்லாமல், வெளியே கொடுக்கிற ஒப்பந்தமும் இல்லாமல் ஒருவர் கூரை முழுக்கப் பனல் அடிப்பது காசை வெயிலில் காயப்போடுவதுதான். நான் எட்டு அடித்தது பற்றரி வரும் என்ற கணக்கில். பற்றரி எண்ணமே இல்லாதவருக்கு நாலைந்து பனல் காணும், அதுவும் இன்வேட்டரின் வோல்ற் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு. என்னுடைய மாடல் 125 வோல்ற்றில் தொடங்கும், 150க்கும் 425க்கும் இடையில்தான் பனலிலிருந்து முழுச் சக்தியை எடுக்கும், 500ஐத் தாண்டக் கூடாது. 550 வாற் பனல் ஒன்று சுமையில்லாமல் 50 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும், சுமையில் 41, 42. மூன்றே பனல் போட்டால் விளிம்பில் நிற்கும், கூரை சூடேறினால் வோல்ற் இன்னும் இறங்கும். ஐந்து என்றால் பயமில்லை.

பில் விஷயம் உண்மையிலேயே நல்லது. நம் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும், 60 யூனிட்டைத் தாண்டினால் அட்டவணையே மாறும், பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் விலை ஏறும். சோலாரால் குறைகிற யூனிட் அடியிலிருந்து குறைவதில்லை, உச்சிப் படியிலிருந்துதான் குறைகிறது. 180ஐத் தாண்டிக்கொண்டிருந்த வீடு 120க்குள் வந்தால், குறைந்த 60 யூனிட்டும் அந்த வீட்டின் ஆகவும் விலை கூடிய யூனிட்டுகள். விற்பனைக்காரர் சராசரி விலையைப் பெருக்கிக் காட்டுவார், அதை விடுங்கள், உங்கள் பழைய பில்லை எடுத்து மேல்படியிலிருந்து கழித்துப் பாருங்கள்.

அதோடு வேலைகளைப் பகலுக்கு நகர்த்த வேண்டும். இது இல்லாமல் பற்றரியற்ற சோலாருக்குப் பிரயோசனம் பாதிதான். தண்ணி மோட்டரைக் காலை ஆறு மணிக்குப் போடுகிற பழக்கத்தை அப்பா விட மனமில்லாமல் விட்டார், இப்போது பத்து மணிக்குப் பிறகுதான் தாங்கி நிரம்புகிறது. உடுப்புக் கழுவுவது, பள்ளிக்கூட உடுப்பு அயன் பண்ணுவது, இரவுக்கு வேண்டிய மா அரைப்பது எல்லாம் பத்துக்கும் இரண்டரைக்கும் இடையில். ஒன்று முடிந்த பிறகு மற்றது, எல்லாவற்றையும் ஒரே நேரம் போட்டால் பனலைத் தாண்டிக் கிரிட்டிலிருந்து இழுக்கும். அம்மா இப்போது திரையைப் பார்த்துவிட்டுத்தான் ரைஸ் குக்கரைப் போடுகிறார்.

சரி, கரண்ட் போகிற கதைக்கு வருவோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை மணிக்குக் கிட்ட நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொன்னார்களே, அதுதான். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பகுதிகளும் நின்றுபோய் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேரம் வெட்டினார்கள். அந்த ஞாயிறு வெயில் உச்சியில் நிற்கிற நேரம். கூரையில் பனல் வைத்திருந்து பற்றரி இல்லாத வீடு கிட்டத்தட்ட அத்தனையும் பக்கத்து வீடு போலவே கரண்ட் இல்லாமல்தான் இருந்தது. சோலார் இருந்தும் ஏன் இல்லை என்று கேட்டவர்கள் எத்தனை பேர்!

காரணம் இரண்டு. முதலாவது பாதுகாப்பு. லைன் செத்த பிறகும் ஒரு வீட்டிலிருந்து கரண்ட் வெளியே போனால், கம்பத்தில் ஏறித் திருத்துகிற ஆளின் உயிர் போகும். ஆகவே கிரிட் போனதும் தன்னைத் துண்டித்துக்கொள்வது எந்தக் கிரிட் இன்வேட்டருக்கும் கட்டாயம், இதற்கென்றே உலகத் தரம் இருக்கிறது. ஹைபிரிட்டும் அப்படித் துண்டிக்கும், ஆனால் பற்றரி இருந்தால் தனக்கென்று உள்ள லோட் முனையில், அதாவது வீட்டு வயரிங்குக்கான முனையில், வீட்டைத் தனியாக ஓட்டும், அப்படி மாற என்னுடைய மாடலுக்கு 4 மில்லி செக்கன் என்று கையேட்டில் இருக்கிறது, கணினிகூட நிற்காது. பற்றரி இல்லையென்றால் வருவது இரண்டாவது காரணம்: மேல்தாங்கி இல்லாமல் மோட்டரை நேரே குழாயில் கொடுத்தது போலத்தான் நிலைமை. பிரிட்ஜின் கொம்ப்ரசர் கிளம்பும்போது ஓடுகிற அளவைவிடப் பல மடங்கு ஒரு கணத்துக்கு இழுக்கும். அந்தக் கணத்தில் கொடுக்கப் பனலால் முடியாது, உள்ளே இருக்கிற கப்பாசிற்றர்கள் சில மில்லி செக்கனுக்கு மேல் தாங்காது. முகில் ஒன்று கடந்தாலும் அதே கதை. வோல்ற் சரியும், இன்வேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும்.

பற்றரி இல்லாமலும் வெயிலில் நேரே ஓடும் என்று கையேட்டிலேயே சொல்கிற இன்வேட்டர்களும் உண்டு, பெரும்பாலும் கிரிட்டுக்கு வெளியே கொடுக்காத வகை. அவற்றில் கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு மின்விசிறியும் நாலு லைற்றும் நல்ல வெயிலில் நிற்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம், பிரிட்ஜையும் மோட்டரையும் அதில் போட்டு விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

நான் வாங்க முதல் நகரத்தில் ஒரு கடையில் கேட்டேன். "அண்ணை, வெயில் இருந்தா போதும், கரண்ட் போனாலும் பகல்ல ஓடும்" என்று அந்தத் தம்பி அடித்துச் சொன்னார். சரி தம்பி, இங்கே கடையில் ஓடுகிறதில் மெயினைக் கீழே போட்டுக் காட்டுங்கள் என்றேன். கடையில் இருந்ததில் பற்றரி பூட்டியிருந்தது. பற்றரியின் பிறேக்கரையும் போடுங்கள் என்றதும் அவர் உள்ளே போய் முதலாளியோடு கதைத்துவிட்டு வந்தார், காட்டவில்லை. நான் அங்கே வாங்கவில்லை. நீங்களும் இதையே செய்யுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள், இலட்சக் கணக்கில் கொடுக்கிற காசு.

பூட்டுகிற விதத்தில் ஒரு விஷயம் முக்கியம், இதைப் பூட்ட வருகிறவர்களில் பலர் கவனிப்பதில்லை. ஹைபிரிட்டில் கிரிட் முனை ஒன்று, லோட் முனை ஒன்று. பற்றரி பூட்டுகிற வீடுகளில் வீட்டு வயரிங்கை லோட் முனையில் கொடுப்பார்கள், அதே கையோடு பற்றரி இல்லாத வீட்டிலும் அப்படியே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் என்ன நடக்கும்? வீட்டுக்கு வருகிற கிரிட் கரண்ட் முழுக்க இன்வேட்டருக்குள்ளால் போய் வரும். ஒருநாள் இன்வேட்டர் பழுதானால், மின்சார சபையின் கரண்ட் வாசலில் நிற்கும், வீடு இருட்டில் கிடக்கும். பற்றரி இல்லாத வரைக்கும் வீட்டை வழமை போல மெயினிலேயே விட்டுவிட்டு, இன்வேட்டரின் கிரிட் முனையை மட்டும் தனிப் பிறேக்கர் வைத்து விநியோகப் பெட்டியில் சேர்ப்பது நல்லது. லோட் முனையில்தான் கொடுப்பேன் என்று நிற்பவர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், ஒரு கைப்பிடியைத் திருப்பினால் இன்வேட்டரை விட்டு விலகி வீடு நேரே கிரிட்டுக்கு வரும்படி.

வீட்டை மெயினில் விட்டால் இன்வேட்டருக்கு வீட்டின் தேவை தெரிய வேண்டும், அதற்குத்தான் கரண்டை அளக்கிற அந்தச் சின்னக் கவ்வி, சிடி (CT) என்று சொல்வது. மீற்றரிலிருந்து வருகிற மெயின் வயரில், எல்லாப் பிரிவுகளுக்கும் முன்னால் கவ்வ வேண்டும். மறுபக்கமாகக் கவ்வினால் வெளியே போவதை உள்ளே வருவதாக எண்ணி இன்வேட்டர் இன்னும் இன்னும் தள்ளும். சோதிக்க வழி சுலபம்: இரவில், பனல் தூங்கின பிறகு, கேத்தலைப் போடுங்கள். கிரிட் எண் கேத்தலின் அளவுக்கு ஏறி, வாங்குகிற பக்கமாகக் காட்ட வேண்டும். கழித்தல் அடையாளம் வந்தால் பூட்டியவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

அமைப்புகளில் நாலைத்தான் பார்க்க வேண்டும். பற்றரிப் பக்கத்தில் 'நோ பற்' என்பதில் குறி போட வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பற்றரியைத் தேடிக்கொண்டே இருக்கும். வேலை முறை 'சீரோ எக்ஸ்போர்ட் டு சிடி'. 'சோலார் செல்' (Solar Sell, வெளியே விற்பது) என்பதில் குறியை எடுத்துவிட வேண்டும். அதோடு சீரோ எக்ஸ்போர்ட் பவர் என்று ஒரு எண் கேட்கும், கையேட்டில் 20க்கும் 100க்கும் இடையில் வைக்கச் சொல்கிறார்கள், நான் 40. அந்த 40 வாற் எப்போதும் கிரிட்டிலிருந்து வாங்கப்படும், பூச்சியத்தில் வைத்தால் ஏசி நிற்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவுக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், ஒரு பக்கம் மட்டும் எண்ணுகிற டிஜிட்டல் மீற்றர்களில் சில, வெளியே போவதையும் நீங்கள் பாவித்ததாகவே எண்ணும். உங்கள் வெயிலுக்கு நீங்களே காசு கட்டுவீர்கள். இன்னொன்று, வெளியே கொடுக்காவிட்டாலும் கிரிட்டோடு சேர்ந்து ஓடுகிற பொருள் இது, சபைக்குத் தெரியாமல் பூட்ட வேண்டாம்.

வெளியே விற்கிற ஒப்பந்தம் செய்யலாமே என்பீர்கள். 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு பதின்மூன்று வருடம் 15 ரூபா 50 சதம் என்று கொடுத்தார்கள். அதன் பிறகு விலை ஏறியும் இறங்கியும் விட்டது, இன்றைய விலையைச் சபையில் கேட்டுவிட்டுக் கணக்குப் பாருங்கள். ஒப்பந்தம்தான் குறிக்கோள், பற்றரி எண்ணமே இல்லை என்றால் ஹைபிரிட் வாங்காதீர்கள். கிரிட்டோடு மட்டும் சேர்ந்து ஓடுகிற சாதாரண கிரிட்-டை இன்வேட்டர் போதும், விலையும் குறைவு, அதே வேலையைச் செய்யும். ஹைபிரிட்டுக்குக் கூடக் கொடுக்கிற காசு முழுக்க அந்தப் பற்றரி முனைக்காகத்தான். ஆனால் இதையும் யோசியுங்கள்: 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், ஏப்ரல் 13இலிருந்து 21 வரை, பகல் மூன்று மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று சபையே கேட்டது. பகலில் கரண்ட் மிஞ்சுகிறது, பின்னேரம் தட்டுப்பாடாகிறது. சம்பூரில் 120 மெகாவாற் சோலாருக்கும் அதே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். மத்தியான யூனிட்டின் மதிப்பு இனி ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை, இரவு ஏழு மணி யூனிட்டுக்குத்தான் மதிப்பு, அதற்குப் பற்றரி வேண்டும். நான் ஹைபிரிட் பக்கம் போனதற்கு இதுதான் காரணம்.

இனி எங்கள் ஊருக்கு உரிய பிரச்சினைகள். கச்சான் காற்றுக் காலத்தில் மத்தியானச் சூடு தெரியும்தானே. இந்த இன்வேட்டர் 45 பாகைக்கு மேல் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். தகரத் தாழ்வாரத்தின் கீழ் மேற்குச் சுவரில் பூட்டிய வீடொன்றைப் பார்த்தேன், தொட்டால் கை சுடுகிறது. வெயில் நேரே படாத சுவர், நிழல், மேலும் கீழும் காற்றுப் போக இடம், அதுதான் வேண்டும். ஐபி 65 என்று எழுதியிருப்பதால் மழையைத் தாங்கும், ஆனால் உப்புக் காற்றுக்கு முகம் கொடுத்துப் பூட்டினால் முனைகளும் ஆணிகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். கூரையில் போடுகிற போல்ட்டுகள் கடலோர வீட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும், 304 எங்கள் பக்கம் பழுப்பு வடிக்கும். 2020 டிசம்பரில் புரேவி சூறாவளி கரை ஏறியது திருகோணமலைக்கு வடக்கே, எங்கள் கரையில்தான், அதை நினைத்துக்கொண்டு பனல் தாங்குகிற தண்டவாளத்தைக் கூரை மரத்தில் ஆழமாக இறக்கச் சொல்லுங்கள், கூரைச் சீற்றில் மட்டும் திருகிவிட்டுப் போக விடாதீர்கள்.

பனல் கழுவ எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. உவர், காய்ந்ததும் வெள்ளைப் படலம் பிடிக்கும், தூசியைவிட அது மோசம். குழாய்த் தண்ணீரில், விடியற்காலையில், கண்ணாடி சூடேற முதல். எட்டுப் பனல் தொடரில் 400 வோல்ற்றுக்குக் கிட்ட நேரோட்ட மின்சாரம் நிற்கிறது, மெயினை அணைத்தாலும் அது அணையாது, பனல் பக்கத்து ஐசோலேற்றரை, அதாவது துண்டிக்கிற சுவிட்சை, திருப்பினாலும் கூரையிலிருந்து ஐசோலேற்றர் வரைக்கும் உயிரோடுதான் இருக்கும். பிள்ளைகள் ஏறுகிற கூரை என்றால் வயரைக் குழாய்க்குள் விடுங்கள். ஐப்பசி இடிக்குப் பனல், கிரிட் என்று இரண்டு பக்கமும் மின்னல் தடுப்பான், நல்ல எர்த், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பொருளுக்கு என் புள்ளி: பகல் இன்வேட்டராக நான் முழு மனதோடு நல்லது என்பேன். திரை தெளிவு, போனில் எங்கிருந்தும் பார்க்கலாம், பூட்டிய நாளிலிருந்து தானாகவே காலையில் ரிலே தட்டி எழும்பி மாலையில் அடங்குகிறது. குறை என்றால் மத்தியானத்தில் விசிறிச் சத்தம், படுக்கை அறைச் சுவரில் பூட்டாதீர்கள், அப்புறம் இரவிலும் கிரிட்டிலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டு விழித்திருக்கிறது.

பற்றரியைப் பிறகு வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் எழுத்தில் வாங்கி வையுங்கள். இன்வேட்டரின் உத்தரவாதம் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும், பற்றரிக்காக அது காத்திருக்காது. இரண்டாவது, எல்லாப் பற்றரியும் இதோடு ஒத்துக் கதைக்காது, உற்பத்தியாளர் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிற மாடலா என்று பற்றரி வாங்குகிற நாளில் பாருங்கள். அதுவரைக்கும் பற்றரி முனைகளின் மூடியைத் திருகியே வையுங்கள், வயர் வராத ஓட்டைகளுக்கு அவர்கள் தருகிற அடைப்பானைப் போடுங்கள். பூட்ட வந்த தம்பி அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார், எங்கள் ஊர் எறும்புக்கும் பல்லிக்கும் அந்த ஓட்டை காணும்.